அப்பன் தொழிலும் அம்மா வேலையும்: குலக்கல்வித் திட்டத்தின் பேசப்படாத பாதி

போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு, மகளுக்குப் பதிலாக நான் போயிருந்தேன். பேத்தி ஒன்றாம் வகுப்பு. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். குழந்தைகளை வீட்டு வேலைக்குப் பழக்குவது எப்படி என்று வயது வாரியாகப் பட்டியல். மூன்று வயதில் பொம்மைகளை எடுத்து வைக்க வேண்டும். ஐந்து வயதில் துணி மடிக்க வேண்டும். ஏழு வயதில் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். இதனால் பொறுப்புணர்ச்சியும் தன்னம்பிக்கையும் வளரும் என்று கீழே எழுதியிருந்தது. தாளில் தவறு என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் அது சட்டைப் பையில் உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எண்பது வயது ஆகிறது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். 'இதுக்கு இஸ்கூல்ல பீஸு வேற கட்றாங்களா?' என்றாள்.

அம்மாவின் சிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. குழந்தைகளுக்கு வீட்டு வேலை பழக்குவதை ஓர் அரசாங்கமே கல்வித் திட்டமாக அறிவித்து, அதனால் ஒரு முதலமைச்சர் ஆட்டம் கண்டது இந்த மாநிலத்தில்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திருத்தப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தைச் சொல்கிறேன். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரில்தான் அது நம் நினைவில் இருக்கிறது. அந்தப் பெயர் வென்ற பெயர். வென்ற பெயர்கள் எதை நினைவில் வைக்கின்றன என்பதைப் போலவே எதை மறக்கச் செய்கின்றன என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

திட்டம் இதுதான். கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகக் குறையும். பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிக்கப்படுவார்கள். ஓர் அணி காலையில் வரும், மற்றது மதியத்தில் வரும். அதே வாத்தியார், அதே கூரை, இரண்டு மடங்கு பிள்ளைகள். பள்ளியில் இல்லாத நேரத்தில் ஆண்பிள்ளைகள் அப்பன் செய்யும் தொழிலைக் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகள் அம்மாவிடம் வீட்டு வேலை பழக வேண்டும். பதினான்கு வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் தர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்லியிருந்தது. கஜானாவில் அதற்குப் பணம் இல்லை. பணத்தை இரண்டு மடங்காக்க முடியாதபோது பிள்ளையின் நாளை இரண்டாக வெட்டினார் ராஜாஜி. அதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் வைத்திருந்தார்: கிராமமே பள்ளிக்கூடம், குடும்பமே பட்டறை. 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் வாடை இதில் அடித்தாலும் சரக்கு வேறு. வார்தா திட்டத்தில் தொழில் பள்ளிக்குள்ளே வந்தது. எந்தச் சாதிப் பிள்ளையும் ஒரே ராட்டையைத்தான் சுற்றியாக வேண்டும். ராஜாஜியின் திட்டத்தில் பிள்ளை தொழிலைத் தேடி வீட்டுக்குப் போனான். இந்தியாவில் வீடு என்றால் சாதி.

பெரியார் இதை உடனே பிடித்துக்கொண்டார். சவரத் தொழிலாளி மகன் சவரம்தான் பழக வேண்டுமா, சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கத்தான் வேண்டுமா என்பதே எதிர்ப்பின் சாரம். 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதற்கு எதிரானது. அந்த மாத இறுதியில் சட்டமன்றத்தில் திட்டம் மயிரிழையில் உயிர் தப்பி நிபுணர் குழுவின் கைக்குப் போனது. பருலேகர் குழு திட்டம் நல்லதுதான் என்று அறிக்கை தந்தது. அறிக்கை தந்து என்ன பயன்? காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றிவிட்டது. 1954 மார்ச்சில் ராஜாஜி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், ராஜாஜி அமைச்சரவையில் இருந்தவரும் அவர்தான். நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. தென்னாற்காட்டில் எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் பத்தொன்பது இடங்களைப் பிடித்திருந்தது. 1954இல் அவர் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். வெயிலில் மாடு ஓட்டும் பிள்ளைகளின் அப்பன்மார் போட்ட ஓட்டில் கிடைத்த இடங்கள் அவை.

இதுவரை சொன்னது நமக்குத் தெரிந்த கதை. சமூக நீதியின் பெருங்கதையாடலில் இது ஒரு வெற்றி அத்தியாயம், நியாயமான வெற்றிதான். ஆனால் 'குலக்கல்வி', 'அப்பன் தொழில்' என்ற சொற்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். தொழில் அப்பனுடையது; அதைச் சுமக்க வேண்டியவன் மகன். சவரத் தொழிலாளிக்கு ஒரு மகளும் இருந்திருப்பாளே, அவளுக்கு என்ன ஆயிற்று? அவள் தாய் ஊருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. வண்ணார் வீட்டுப் பெண் ஊராரின் தீட்டுத் துணியை வெளுத்தவள். அம்மா வேலைக்கும் சாதி உண்டு. ஆனால் அது 'வீட்டு வேலை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடப்பட்டது. அப்பன் தொழிலை மகன் மீது சுமத்துவது அநீதியாகத் தெரிந்த பொதுப்புத்திக்கு, அம்மாவின் அடுப்பை மகள் மீது சுமத்துவது இயற்கையாகத் தெரிந்தது. எட்டு வயதுப் பெண்ணை மத்தியானத்துக்கு மேல் அடுப்படிக்கு அனுப்பும் பாதியின் மீது ஒரு போராட்டப் பெயர்கூட ஒட்டவில்லை.

பெரியாரை இதற்காகக் குற்றக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. கற்பையும் சொத்துரிமையையும் கர்ப்பத்தடையையும் 1942இலேயே நூலாக்கிப் பேசிய மனிதர் அவர். அந்தப் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் அத்தியாயத் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால் காதல் இருக்கிறது, மறுமணம் இருக்கிறது, விபசாரம் இருக்கிறது. அடுப்படிக்கென்று தனித் தலைப்பு இல்லை. காலத்தின் எல்லை அது. மிகக் கூர்மையான கண்ணுக்கும் ஓர் இடத்தில் புகை மறைக்கிறது.

மார்க்சியர்களுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. மூன்று மணி நேரப் பள்ளி ராஜாஜியின் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அரை நாள் ஆலையிலும் மூன்று மணி நேரம் பள்ளியிலும் வைத்தது. இந்த 'அரை நேரக்காரர்' முறையை 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் ஒழித்துக்கட்டியது. மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் தொகுதியில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, முழு நாள் படிக்கும் பிள்ளைகளுக்கு இவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் கண்டதை ஒப்புதலோடு எடுத்துக்காட்டுகிறார். உழைப்பையும் கல்வியையும் இணைப்பதில்தான் வருங்காலக் கல்வியின் விதை இருக்கிறது என்பது அவர் கருத்து. பருலேகர் குழுவினர் இதைப் படித்திருந்தால் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள்! ஆக, பிள்ளையின் கையில் வேலையைக் கொடுப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துதான் வகுப்பறையைத் துடைக்கிறார்கள். எல்லோரும் என்பதுதான் அங்கே முக்கியம். நான் படித்த ஊர்ப் பள்ளியிலும் பிள்ளைகள்தான் பெருக்கினார்கள். எந்தத் தெருப் பிள்ளைகள், ஆணா பெண்ணா என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காமலே தெரியும்.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், முன்பு தேவாலயமும் குடும்பமும் சேர்ந்து செய்த வேலையை இப்போது பள்ளியும் குடும்பமும் இணையாக நின்று செய்வதாகச் சொன்னார். அவர் ஐரோப்பாவை வைத்துப் பேசினார். 1953இன் சென்னை மாகாணத்தில் அந்த இணையை அரசே வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டு எழுதியது: இத்தனை மணி நேரம் எனக்கு, மீதி உனக்கு. ஒப்பந்தம் ரத்தானபோது யாருக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. கோப்புகளை விட்டுவிட்டு அம்மாவிடம் போனேன்.

அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். ஐந்து காணி மானாவாரியும் கிணறு ஒன்றும் உள்ள குடும்பம். மல்லாட்டையும் கம்பும் கேழ்வரகும் போடுவார்கள். திட்டத்தின் பெயரெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. 'ஒரு வருஷம் அரை நாள் இஸ்கூல் இருந்தது' என்று சொல்கிறாள். அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் காலை அணி. மதியம் திரும்பியதும் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, தாத்தாவோடு கிணற்றுக்குப் போய்க் கவலை மாடு ஓட்டுவார். அம்மா வரட்டி தட்டுவாள், தண்ணீர் சேந்துவாள், கேழ்வரகு திரிப்பாள், மல்லாட்டை ஆய்வாள், பாத்திரம் தேய்ப்பாள், சாயங்காலம் சிம்னி விளக்குத் துடைப்பாள். இதிலே எதை அந்த வருஷம் புதிதாகக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். 'கத்துக்கறதுக்கு இன்னாடா இருக்குது? மொதல்லயும் செஞ்சதுதான். மொதல்ல இஸ்கூல் போறதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் செய்வேன். அந்த வருஷம் நெறைய நேரம் கெடைச்சுது, நெறைய செஞ்சேன்.' கல்வித் திட்டத்தின் தத்துவ அடித்தளத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு நிபுணர் குழுவும் சொன்னதில்லை.

'அந்த வேலையெல்லாம் நீயே செய்வியா?' என்றதற்கு அம்மா இயல்பாகச் சொன்னாள்: 'மாட்டுக் கொட்டா கூட்டறதுக்கு நம்ம படியாளு மவ வருவா. என் வயசுதான். சாணி வாரிக் குப்பையில போட்டுட்டு, கூழு வாங்கிக்கினு போவா.' அவள் பள்ளிக்கூடம் வந்தாளா என்றேன். யோசித்தாள். 'வந்த மாரி நெனப்பில்ல.' பெயர்? மறுபடியும் யோசித்தாள். பெயர் நினைவில்லை.

எனக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஆகிவிட்டது அன்று. அப்பன் தொழிலுக்கு எதிராக நாடே கொதித்துக்கொண்டிருந்த வருஷத்தில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பெண்பிள்ளை, திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு நாளும் 'வீட்டு வேலை' பழகிக்கொண்டிருந்தாள். யார் வீட்டு வேலை? தமிழில் இந்தச் சொல் ஒரு வசதியான மூட்டம். தன் வீட்டில் செய்தாலும் வீட்டு வேலைதான், அடுத்தவன் வீட்டில் கூலிக்குச் செய்தாலும் வீட்டு வேலைதான். ஒன்று பொறுப்புணர்ச்சி வளர்ப்பது, இன்னொன்று பண்ணையம். இரண்டுக்கும் நடுவே ஒரு வீட்டின் வரைபடம் கிடக்கிறது. படியாள் மகள் கொட்டகை வரை வரலாம், தோட்டத்தில் நிற்கலாம். நடையைத் தாண்ட முடியாது. அவள் கை பட்ட சாணியைக் கரைத்து எங்கள் ஆயா வாசல் தெளித்தாள். அதே கை பட்ட பாத்திரம் அடுப்படிக்குள் நுழையாது. அதனால் பாத்திரம் தேய்ப்பது அம்மாவின் பங்காயிற்று. அம்மாவின் வேலைச் சுமையைத் தீண்டாமை இப்படிக் கொஞ்சம் கூட்டியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; சொல்ல வாய் வரவில்லை.

நம் இலக்கியத்தில் பெண்குழந்தையின் விளையாட்டே மணலில் சிறு வீடு கட்டிச் சிறுசோறு ஆக்குவதுதான். ஆண்குழந்தைக்குப் பாடும் பிள்ளைத்தமிழில் ஒரு பருவத்துக்குச் சிற்றில் சிதைத்தல் என்றே பெயர். அவள் கட்டுவாள், அவன் எட்டி உதைப்பான். நாச்சியார் திருமொழியில் சிற்றில் சிதைக்காதே என்று கெஞ்சுவதற்கென்றே தனிப்பதிகம் இருக்கிறது. விளையாட்டு, பக்தி, அழகியல் என்று நாம் ரசித்த இடத்தில் வேலைப் பழக்கமும் நடந்திருக்கிறது. செப்புச் சாமான் வாங்கிக் கொடுத்த எந்த அப்பனும் தான் தொழிற்கல்வி கொடுப்பதாக நினைத்ததில்லை.

1954 ஜூனில் பள்ளி மறுபடி முழு நாளாயிற்று. பெரிய மாமா முழு நாள் போனார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். கடைசிவரை காமராசர் படத்தை வீட்டில் மாட்டியிருந்தார். அம்மா போகவில்லை. ஆறு மாதத்துக்கு முன் என் சின்ன மாமா பிறந்திருந்தார். ஆயா கழனிக்குப் போக வேண்டும் என்றால் கைக்குழந்தையை யாராவது இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசு திரும்பக் கொடுத்த இரண்டு மணி நேரத்தை வீடு திரும்பக் கொடுக்கவில்லை. அப்பன் தொழில் ரத்தானது; அம்மா வேலை ரத்தாகவில்லை. ரத்து செய்யும் அதிகாரம் கோட்டையில் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஓரளவு இருந்தது என்பதற்குப் பின்னால் நடந்ததே சாட்சி. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு பள்ளிக்கு வந்த பிள்ளைக்குச் சோறு போட்டது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைகளையும் மையத்துக்கு அழைத்தது. சத்துணவை ஓட்டு வாங்கும் தந்திரம் என்று நம் சிறுபத்திரிகைகளில் கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன். இடுப்பில் தம்பியைச் சுமந்த அக்காவின் பக்கமிருந்து அதைப் பார்க்க எனக்கு வெகுகாலம் பிடித்தது. தம்பி காலையிலேயே மையத்தில் உட்கார்ந்துவிட்டால் அக்காவின் இடுப்பு காலி. அக்கா பள்ளிக்குப் போகலாம்.

எல்லா அக்காக்களும் போகவில்லை. திண்டிவனத்தில் 1996 முதல் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணியைப் பற்றி, அதைத் தொடங்கிய பேராசிரியர் பிரபா கல்விமணியைப் பற்றி, இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களின் கதை அது. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கணக்கு நோட்டில் புருஷன் பெயர் இருக்கும். மண் குழைப்பவன் அவன், கல் அறுக்க நிற்பவள் பெண்சாதி. கஞ்சி காய்ச்சி, தண்ணீர் கொண்டுவந்து, கைக்குழந்தையை மர நிழலில் பார்த்துக்கொண்டு, நடுவில் காயும் கல்லைத் திருப்பிப் போடுகிறவள் ஒன்பது வயது மகள். அவள் கஞ்சி காய்ச்சாவிட்டால் ஆயிரம் கல் விழாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் இந்தப் பிள்ளை கூலிக்காரியும் இல்லை, கொத்தடிமையும் இல்லை, 'அம்மாவுக்கு ஒத்தாசை' செய்கிறவள். 1972இல் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டுக் கிளம்பிய பெண்ணியர்கள் மனைவிகளைப் பற்றிப் பேசினார்கள். மகள்களின் கணக்கு அங்கும் நிலுவையில்தான் நின்றது.

சட்டத்தின் மொழியைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்குத் தன் தடையிலிருந்து விலக்குத் தந்தது. அடுத்தவர் வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரில்தான் வந்தது. கொட்டகை கூட்டிய பெண்பிள்ளை பிறந்து அறுபது வருஷம் கழித்து. 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் எந்த வேலையிலும் கூடாது என்றது. கூடவே ஒரு விலக்கு: பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ, அபாயகரமானதாக இல்லாதவரை, உதவலாம். 1953இன் வாசனை எனக்கு மட்டும்தான் அடிக்கிறதா? ராஜாஜி பள்ளி நேரத்தை வெட்டி வீட்டுக்குக் கொடுத்தார். புதிய சட்டம் பள்ளி நேரத்தைத் தொடவில்லை. மற்ற நேரத்தை எல்லையில்லாமல் வீட்டுக்குக் கொடுத்தது. வீட்டுக்குள் மகனும் மகளும் ஒரே அளவில் உதவுகிறார்களா என்று கேட்க அதில் இடமில்லை. எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். மும்முனைப் போராட்டம் எதுவும் நடக்கவில்லை.

2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே எல்லோரையும் எண்ணியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண் ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். ஆண் 97 நிமிஷம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், பெண்ணின் ஊதியமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்றே சொல்லித் தொடங்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய். பெரிய விஷயம்தான், இந்தியாவின் எந்தத் தத்துவவாதியும் செய்யாத காரியத்தை ஒரு விண்ணப்பப் படிவம் செய்தது. ஆனால் உரிமை தொடங்குவது இருபத்தோரு வயதில். வேலை தொடங்குவது ஆறு வயதில். நடுவில் பதினைந்து வருஷம்.

என் தட்டை நான் கழுவியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதில் விடுதிக்குப் போகும் வரை, அம்மா இல்லையென்றால் தங்கை. விடுதியில் ஓர் ஆயாம்மா இருந்தார். பெண்ணியம் பற்றி மூன்று கருத்தரங்குகளில் பேசியபோதும் கழுவியதில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளைப் பேத்திக்காகக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அவளோடு சேர்ந்து நானும் ஏழு வயதுக்கான வரியில் இருக்கிறேன்.

அன்று ராத்திரி அம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், படித்ததில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று. வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இரண்டு, மூன்று, நான்கு, ஒரு தடுமாற்றம் இல்லை. ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ராகத்தோடு போய் ஏழு பத்து எழுபதில் நிறுத்தினாள். எட்டாம் வாய்ப்பாடு என்றேன். 'அது தெரியாது. அதச் சொல்லித் தர்றதுக்குள்ள ஒங்க சின்ன மாமா பொறந்துட்டான்' என்றாள்.